கீழ்வரிசையில் ஓர் இடம்

தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை நான். வகுப்பில் எந்த விழா நடந்தாலும், ஓரமாக நின்று போனில் படம் எடுத்துப் பெற்றோர் குரூப்பில் போடுவதுதான் என் வழக்கம்.

கோகுலாஷ்டமிக்கு எங்கள் வகுப்பிலும் தஹி ஹண்டி வைத்தோம். தரையில் மெத்தை விரித்து, மேலே தயிர்ப்பானை கட்டினோம். கீழே பிள்ளைகள் தோள் சேர்த்து நிற்க, வகுப்பில் படிக்கும் ஜெபா குச்சியோடு மேலே ஏறி அதை உடைக்க வேண்டும். ஏறும்போதெல்லாம் வரிசை சரிந்தது. ஜெபாவுக்கு முழங்கை சிராய்த்துவிட்டது.

"போதும்மா, பானையைக் கீழ இறக்கிக் கட்டிருவோம்" என்றேன்.

"இறக்காதீங்க டீச்சர்! கைக்கு எட்டிச்சுன்னா பெறவு எதுக்கு ஏறணும்?" என்றாள் ஜெபா.

கீழ்வரிசையில் நின்ற முத்து என்னை முறைத்தான். "நீங்க சும்மாதான நிக்கீங்க? வாங்க, நடுவுல நில்லுங்க."

சுருக்கென்றது. போனை மேசையில் வைத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிள்ளைகளின் உயரத்துக்குக் குனிந்து நின்றேன். ஜெபாவின் பாதம் என் தோளில் அழுந்தியது.

"ஆடாதீங்க டீச்சர்!" என்று முத்து அதட்டினான்.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஜெபா குச்சியை ஓங்கினாள். பானை உடைந்து, தயிர் என் தலைவழியே வழிந்தது. பிள்ளைகள் "கோவிந்தா!" என்று கத்த, நானும் கத்தினேன்.

அந்த விழாவுக்கு மட்டும் குரூப்பில் படம் இல்லை.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டோம். தொழுவத்தில் ஆடாக நிற்க ஓர் ஆள் குறைந்தது. இந்த முறை யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானே போய் முட்டிபோட்டேன்.