முப்பத்து நாலு மதிப்பெண்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதினோரு பேர். எல்லோரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள் அல்லர். கோடைதோறும் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரே வளாகத்தில் உட்கார்ந்து வியர்த்தவர்கள். அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை, பாடம் சொல்லித்தான். நான் கணக்கு சார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் தமிழய்யா. தளவாய்புரத்திலிருந்து விடைத்தாள் கட்டுகளைத் தூக்கிக் கொடுக்க வந்தவர் பி.டி. சார். சுந்தரபாண்டியத்து அம்மா சயின்ஸ் டீச்சர். குழுவிலும் அதே பெயர்கள்தான்.

பேசுவதெல்லாம் சினிமா, கிரிக்கெட், தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி. யார் எந்தப் படம் பார்த்தாலும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. பார்த்தவர் மதிப்பெண் போடாமல் நழுவக் கூடாது என்று விதி செய்தவர் தமிழய்யாதான்.

மாசியில் எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ராஜபாளையத்தில் மகன் வீடு இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. டாக்டர் சொல்லும்வரை படி இறங்கக் கூடாது என்று மகன் உத்தரவு. அவன் ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்பெனிக்காரர்களோடு பேசுகிறான். மருமகள் பள்ளிக்குப் போய்விடுகிறாள். பால்கனிக் கம்பிகள் பதினெட்டு. அவற்றின் வழியே மேற்கே மலை தெரியும், கீழே மில் பஸ் போகும். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போனைப் பார்ப்பேன். காலை எட்டு மணிக்குத் தமிழய்யா கூப்பிடுவார். "என்ன கணக்கு, கால் மடங்குதா, மடக்குதாகளா?" என்று ஆரம்பித்து, முந்தைய நாள் பார்த்த படத்தை அக்கக்காகப் பிரித்துப் போடுவார். கால் எப்படி இருக்கிறது என்று மற்றவர்களும் கேட்பார்கள். என்னோடு பேசுவதற்கென்றே கூப்பிட்ட ஆள் அவர் ஒருவர்தான்.

சித்திரையில் ஒரு சின்னப் படம் வந்தது. திருவிழாவில் காணாமற்போன ஒலிபெருக்கியைத் தேடி இரண்டு பேர் அலைகிற கதை. வீட்டுத் தொலைக்காட்சியிலேயே பார்த்தேன். கதைக்கு நாற்பதில் பன்னிரண்டு, நடிப்புக்கு இருபதில் ஒன்பது, பாட்டுக்கு இருபதில் ஐந்து, படப்பிடிப்புக்கு இருபதில் எட்டு. கூட்டினால் முப்பத்து நாலு. இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுக் குழுவில் போட்டேன்.

விடைத்தாள் திருத்தியவர்களுக்கு முப்பத்து நாலு என்றால் என்னவென்று தெரியும். முகாமில் முப்பத்து நாலு என்ற மதிப்பெண்ணோடு எந்தத் தாளும் மேசையை விட்டு எழுந்து போகாது. திரும்பப் புரட்டி எங்கேயாவது ஒரு மதிப்பெண்ணைக் கண்டுபிடித்துப் பிள்ளையைக் கரையேற்றுவோம். தேறவே தேறாது என்றால் முப்பத்தொன்றுக்கு இறக்கிவிடுவோம்; ஒன்றில் போயிற்றே என்று வீட்டில் அழாமல் இருக்கும். முப்பத்து நாலை அப்படியே விடுகிறவன் வேண்டுமென்றே மிதிக்கிறவன். எனக்கும் இது தெரியும். ஆனால் இது சினிமா. தோற்றுவிட்டோமென்று படிப்பை நிறுத்தப்போகிற பிள்ளையா என்று நினைத்தேன்.

அரை மணி கழித்துத் தமிழய்யா ஒரு வரி எழுதினார்: "இந்தப் படத்தில் என் மகள் வயிற்றுப் பேரன் உதவி இயக்குநர்." அதன் கீழேயே அவர் குழுவிலிருந்து வெளியேறினார் என்ற சாம்பல் நிற வரி வந்து நின்றது. பேரன் சென்னையில் ஏதோ வேலையில் இருக்கிறான் என்றுதான் அதுவரை சொல்லியிருந்தார்.

பதினொன்று பத்தாயிற்று. மீதி ஒன்பது பேரும் என்மேல் பாய்ந்தார்கள்.

"ஒரு மார்க்குக்காகவா சார் மனுசன இப்படிப் போட்டுத் தள்ளுதீக?" என்று பி.டி. சார் குரல் செய்தி அனுப்பினார். சயின்ஸ் டீச்சர், "முப்பத்தொண்ணு போட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்" என்று எழுதினார்.

உடனே ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூப்பிட்டேன். தமிழய்யா வீட்டம்மா எடுத்தார். "அவிய குளிக்காவ." ஒரு மணி நேரம் கழித்து, "இப்பத்தான் கோயிலுக்குப் போனாவ." சாயங்காலம், "தூங்குதாவ." பின்னால் அவர் தொண்டையைச் செருமுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. பஸ் ஏறினால் அரை மணிப் பயணம். படி இறங்க முடிந்தால் வாசலில் போய் நின்றிருப்பேன்.

ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டுவிடலாம் என்றால், பேரன் என்று தெரிந்த பிறகு போடுவது பிச்சை. அவர் அதை முகத்தில் எறிவார். கூட்டாமல் விட்டால் பகை. பேசினாலும் குற்றம், பேசாமல் இருந்தாலும் குற்றம். நான் செய்தியைப் படித்துவிட்டேன் என்று நீலக்குறி வேறு ஒன்பது பேருக்கும் காட்டிக்கொடுத்தது.

ஒரே வழிதான் இருந்தது. படத்தைத் திரும்பப் பார்த்து, உண்மையிலேயே ஒரு மதிப்பெண் இருக்கிறதா என்று தேடுவது. மறுநாள் பார்த்தேன். அதற்கடுத்த நாளும் பார்த்தேன். மருமகள் பொறுக்க முடியாமல், "மாமா, மூணு தடவ ஆச்சு. அந்த டைரக்டரே இத்தன தடவ பாத்திருக்க மாட்டாரு" என்றாள். ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்திக் கூட்டியதில் இந்தத் தடவை முப்பத்திரண்டுதான் வந்தது. தொலைக்காட்சியை அணைத்தேன்.

எட்டு மணி அழைப்பு இல்லாமல் நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் மறுபடி கூப்பிட்டேன். வீட்டம்மா எடுத்தார். "அவிய..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். "இந்தாங்க, இனிமே நீங்களே பொய் சொல்லிக்கிடுங்க. எனக்கு ஏலாது." போன் கை மாறுகிற சத்தம்.

"சொல்லுங்க கணக்கு" என்றார் தமிழய்யா.

"அய்யா, எனக்குத் தெரியாது. ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா? முப்பத்தஞ்சு போட்டிருப்பீகளோ?"

யோசித்தேன். "இல்ல. படமே பாக்கலன்னு சொல்லியிருப்பேன்."

அவர் மெல்லச் சொன்னார். "எனக்கு அந்த வழியும் இல்லையேய்யா. பேரன் எடுத்த படத்த நான் பாக்கலன்னா எவன் நம்புவான்? அடுத்தது எம்முறை. நீங்க எம்புட்டு அய்யான்னு கேப்பானுவள்ல?"

"எம்புட்டு?"

"முப்பது" என்றார்.

பின்னாலிருந்து வீட்டம்மாவின் குரல் கேட்டது: "எங்கிட்ட இருவத்தெட்டுன்னீக!"

"ஏட்டி, சும்மா கெட" என்றவர் என்னிடம் திரும்பினார். "நீங்க எனக்கும் மேலல்லா போட்டிருக்கீக. ஆனா அந்த முப்பத்து நாலப் பாத்ததும் ஒரு தைரியம் வந்துச்சு. உங்க மேல கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேன்னா எம்மார்க்க ஒரு பயலும் கேக்க மாட்டான். அதான் கெளம்பிட்டேன்."

எனக்கு வலித்தது முழங்காலா வேறெதுவா என்று தெரியவில்லை. "திரும்பி வந்துருங்க அய்யா."

"வந்தா கேப்பானுவ. கூடப் போட்டுச் சொல்ல வாய் வராது. உள்ளதச் சொன்னா பேரன் காதுக்குப் போயிரும். தாத்தா எம்புட்டு போட்டாருன்னு அவனும் ஆசையாத்தான் இருக்கான். நான் அவன் மூஞ்சில முழிக்கணும்."

"அப்ப என் கதி?"

"நீங்க தாங்குவீக" என்றார். அதில் கிண்டல் இல்லை.

குழுவில் இதை நான் சொல்ல முடியாது. சொன்னால் அவருடைய முப்பது வெளியே வந்துவிடும். விலகிப் போகலாமென்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஓடினேன் என்பார்கள். அதனால் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். புதுப் படங்கள் வருகின்றன, மற்றவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். நான் வாயைத் திறந்தால் உடனே பழைய கணக்கை எடுக்கிறார்கள். தமிழய்யா வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்கும்வரை என் மதிப்பெண் செல்லாது என்று சயின்ஸ் டீச்சர் தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

தமிழய்யா இப்போது காலையில் கூப்பிடுவதில்லை. மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவியதும் கூப்பிடுகிறார். படத்தைப் பற்றிக் கேட்பதில்லை. "இன்னைக்கு என்ன சொன்னானுவ?" என்பதுதான் முதல் கேள்வி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னைப் பற்றி வந்ததையெல்லாம் ஒன்று விடாமல் வாசிக்கிறேன். நேற்று ஏழு வந்திருந்தன. "கணக்கு சாருக்கு நெஞ்சுக்குள்ள இருக்கது ஜாமெட்ரி பாக்ஸ்" என்று பி.டி. சார் எழுதியதைக் கேட்டுத் தமிழய்யா இருமல் வருகிறவரை சிரித்தார். "அத இன்னொரு மட்டம் வாசிங்க" என்றார். வாசித்தேன். பிறகு அடுத்ததை எடுத்தேன்.