காந்திமதி டீச்சரும் கொதித்த காரும்

சென்ற செவ்வாய்க்கிழமை வகுப்பின் நடுவே கல்லூரிப் பியூன் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். ரசாயனம் கற்பித்த காந்திமதி டீச்சர் நாகர்கோவிலில் தம் தம்பி வீட்டில் காலமானார் என்று எழுதியிருந்தது. நான் நம்பவில்லை. யார் சொன்னது, எப்படித் தெரியும், வேறு யாராவது காந்திமதியாக இருக்கக் கூடாதா என்று அந்த மனிதரைக் கேள்விமேல் கேள்வி கேட்டேன். மாலையில் தம்பியின் தந்தி வந்தது. அதன் பிறகுதான் அழுதேன். ஒரு செய்தியை உடனே நம்பாமல் இருக்கும் குணம் எனக்கு முன்பே உண்டு. அதை எதன்மேல் காட்டுவது என்பதைக் காந்திமதிதான் எனக்குத் திருத்திக் கொடுத்தார்.

கல்லூரியில் அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அவருடைய லாக்டோமீட்டரைப் பற்றிச் சொல்வீர்கள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பால்காரர் எதிரிலேயே அதைச் செம்பில் மிதக்கவிட்டுப் பார்ப்பவர் அவர். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டின் பின்கட்டுக்குக் குடிவந்த அன்றே கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். தனியாக வந்த பெண், கிணற்றை ஏன் ஆராய்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். நாங்கள் இருவரும் ஒரே கல்லூரி, ஏறக்குறைய ஒரே வயது. இருந்தாலும் பல மாதங்கள் அவர் போவதையும் வருவதையும் ஜன்னல் வழியே கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. என் கணவர் வக்கீல், ஆஸ்துமாக்காரர். இழுப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட அந்தக் கார்தான் துணை. அதை ஓட்டியவர் வேலாயுதன். அந்த ஆவணி மாதம் கார் கொதிக்க ஆரம்பித்தது. தம்பானூர் ஏற்றத்தில் ஒரு நாள் முன்புறத்திலிருந்து ஆவி சீறியது. உள்ளே கணவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு புண்ணியவான் தம் காரில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"வெள்ளம் நான் நெறச்சாக்கும் அம்மா எடுத்தது" என்றார் வேலாயுதன். தண்ணீர் நிரப்பித்தான் வண்டியை எடுத்தாராம்.

நான் நம்பவில்லை. பகலில் நாங்கள் இல்லாதபோது வண்டியை வெளியே சவாரிக்கு ஓட்டுகிறான், தண்ணீரும் ஊற்றுவதில்லை என்று முடிவு கட்டினேன். மறுநாளே அவரை நிறுத்திவிட்டேன். கணவர் அருகில்தான் நின்றார், ஒன்றும் பேசவில்லை.

பின்கட்டு வாசலிலிருந்து காந்திமதி கேட்டார்: "அவன் வண்டிய வெளிய கொண்டு போனத நீங்க கண்டீங்களா டீச்சர்?"

"காணணுமா? வேறென்ன காரணம் இருக்கப்போறது?"

புதிய டிரைவர் வந்தார். மூன்றாம் நாளே கார் மறுபடியும் கொதித்தது. புதிய ஆள் வேலாயுதனுக்கு வேண்டியவன், இரண்டு பேரும் சேர்ந்து செய்கிறார்கள் என்று சொன்னேன்.

"அப்போ நாளைக்கு வேற ஒருத்தன் வந்தா அவனும் வேலாயுதனுக்குச் சேக்காளிதான்" என்றார் காந்திமதி. "நானும் சந்தேகக்காரிதான் டீச்சர். ஆனா ஆளச் சந்தேகப்படதுக்கு முன்ன வண்டியச் சந்தேகப்படணும். அது கோவிச்சுக்காது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காரின் முன்னால் வந்து நின்றார். அவருடைய அப்பா நாகர்கோவிலில் பஸ் வைத்திருந்தவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தினார். ரேடியேட்டரின் மேல் பக்கம் கை வைக்க முடியாத சூடு. கீழே, நடுவில் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஆறிய சோறு போல இருந்தது.

"இங்கண வெள்ளம் ஓடல்ல. அடச்சிருக்கு."

மூடியைத் திறக்கப்போன என் கையைத் தட்டிவிட்டார். சூடாக இருக்கும்போது திறந்தால் முகம் வெந்துவிடுமாம். ஆறும்வரை காத்திருந்து, அடியில் இருக்கும் சிறு குழாயைத் திருகினார். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. கம்பியால் குத்திய பிறகு துருவும் சேறுமாகக் கொழகொழவென்று வழிந்தது. அதை வெளியேற்றிவிட்டு, துணி வெளுக்கும் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி, எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டார். மீண்டும் ஆறவிட்டுத் திறந்தார்.

இந்தத் தடவை வந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. துருவின் சிவப்பு இல்லை. முற்றத்துச் சாக்கடையில் ஆரத்தி கொட்டியது போல ஓடியது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலக்கிறவள்தானே நான். காந்திமதி கொஞ்சம் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்து, எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கிப் பிழிந்தார். சிவப்பு மாறி மஞ்சளானது. அடியில் இருந்த கட்டியை நசுக்கி முகர்ந்து பார்த்தார்.

"மஞ்சப் பொடி. சோடா பட்டுச் செவந்திருக்கு. உங்க மஞ்சள் டப்பாவக் கொஞ்சம் கொண்டு வாருங்க."

என்னையே சந்தேகப்படுகிறார்! கோபத்தோடு உள்ளே போனேன். போன மாதம் அரைத்து நிரப்பிய டப்பா பாதிக்குமேல் காலி. "பாத்தேளா, அடுப்பங்கரை வரைக்கும் வந்திருக்கான் அந்த வேலாயுதன்!" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தேன்.

"அவன் இல்லை. நான்தான் போட்டேன்" என்றார் கணவர்.

காந்திமதி கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, எங்கள் முகங்களைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கணவர் சொன்னார்: ஆடி மாதமே ரேடியேட்டரில் சிறு கசிவு இருப்பதை வேலாயுதன் காட்டியிருக்கிறார், ஈயம் வைத்து அடைக்க வொர்க்‌ஷாப்பில் விட வேண்டும் என்றிருக்கிறார். "வொர்க்‌ஷாப்காரனும் இவனும் கூட்டுன்னு நெனச்சேன். மஞ்சப்பொடி போட்டா ஓட்டை அடைபடும்னு கோர்ட்டுல ஒருத்தர் சொன்னார். அவன் சாப்பிடப் போனப்போ ரெண்டு கை அள்ளிப் போட்டேன்."

"அவனை நிறுத்தினப்போ ஏன் சொல்லலே?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நீ அவ்வளவு நிச்சயமா பேசினே. எனக்கே அவன்தானோன்னு தோணித்து."

காந்திமதி வேலையைத் தொடர்ந்தார். அடி ரப்பர் குழாயைக் கழற்றி, தோட்டத்துக் குழாயைத் துணி சுற்றி அங்கே செருகி, தண்ணீரைக் கீழிருந்து மேலே போகவிட்டார். மஞ்சள் கட்டிகள் மேல் வாய் வழியே கக்கிக்கொண்டு வந்தன. தெளிந்த தண்ணீர் வரும்வரை விட்டார். அடைப்பு நீங்கியதும் பழைய கசிவு சொட்டத் தொடங்கியது. வேலாயுதன் காட்டியதாகக் கணவர் சொன்ன அதே மூலையில். மறுநாள் அங்கே ஈயம் வைத்தார்கள். கிணற்றுத் தண்ணீரை வாணலியில் வற்றவைத்து, படிந்த வெள்ளைப் பொடியைக் காட்டி, இனி மழைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்றார் காந்திமதி. கார் பிறகு ஏற்றத்தில் ஒரு தடவைகூடக் கொதிக்கவில்லை.

வேலாயுதன் ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரியிடம் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். திருட்டுச் சவாரி ஓட்டியவன் என்று நான் பரப்பிய பேச்சால் அவருக்கு வேறு யாரும் வண்டி ஓட்டக் கொடுக்கவில்லை. போய்க் கூப்பிடலாம் என்றேன்.

"சும்மா கூப்பிட்டா போதாது. அவன் மேல தப்பில்லன்னு எழுதிக் குடுங்க" என்றார் காந்திமதி.

எழுதினேன். தமிழ் கற்பிக்கிறவள், அழகாகவே எழுதினேன். காந்திமதி படித்துவிட்டுச் சிவப்பு மையை எடுத்தார். பிறகு நான் அதைத் திருத்தி எழுதிக்கொண்டு, இருவருமாக ஆரியசாலைக்குப் போனோம்.

வேலாயுதன் தோளிலிருந்த மூட்டையை இறக்கிவிட்டு, கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது போதும் அம்மா. இதக் காட்டினா எங்கயாவது வண்டி கிட்டும். ஆனா உங்க வண்டிக்கு வரல்ல. இனி ஒருக்கா அது சூடானா, நான் எஞ்சினப் பாக்கமாட்டேன், உங்க முகத்தத்தான் பாப்பேன்."

திரும்பி வரும் வழி முழுவதும் காந்திமதி என் கையைப் பிடித்திருந்தார். இரண்டு மாதத்தில் வேலாயுதன் ஒரு டாக்டரிடம் டிரைவராகச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டோம்.

உடம்பு சரியில்லாமல் காந்திமதி நாகர்கோவிலுக்குப் போய் ஓராண்டு ஆகிறது. அவர் நினைவாக என்னிடம் இருப்பது ஒரே ஒரு தாள், அந்தக் கடிதத்தின் முதல் பிரதி. அதில் 'எதிர்பாராத விதமாக ஒரு தவறு நேர்ந்துவிட்டது' என்று நான் எழுதியிருந்தேன். அந்த வரியை அவர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே தம் சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: 'நான் பார்க்காததைச் சொன்னேன்.'