கேமராவில் விழாத பயணி

குழித்துறைக்குப் பக்கத்தில் வசிக்கும் ஜின்சிக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. பெண் என்பதால் ஒரு சலுகை, மாற்றுத்திறனாளி என்பதால் இன்னொன்று. இரண்டு வழியிலும் இலவசம். ஏறுவது மட்டும்தான் பாக்கி. கல்லூரி கடைசி வருடத்தில் லாரி இடித்ததிலிருந்து அவள் சக்கர நாற்காலியில் இருக்கிறாள்.

வீட்டிலிருந்தே தபால் வழியில் புள்ளியியல் படித்தாள். சென்னையிலிருந்து ஓர் ஆய்வு நிறுவனம் ‘அனைவருக்குமான பேருந்து’ என்று பெயர் சூட்டிக்கொண்டு மாவட்டத்துக்கு வந்தபோது அந்தப் படிப்பு உதவியது. நிறுத்தங்களில் கேமரா வைத்து, யார் ஏறுகிறார்கள் என்று எண்ணுவார்கள். எண்களை வீட்டிலிருந்தே சரிபார்ப்பது ஜின்சியின் வேலை. திட்டத் தலைவர் டெல்வினுக்கு அவளைப் பிடித்துப்போனது. அவளைவிட அவளுடைய நாற்காலியை. விளம்பரத் தாளின் முகப்பில் நாற்காலியைப் பிடித்தபடி அவர்தான் சிரித்தார்.

‘சக்கர நாற்காலியில் வந்து ஏறியோர்’ என்ற கட்டத்தில் எல்லா நிறுத்தத்துக்கும் பூஜ்யம் விழுந்தது. டெல்வின் அதிலிருந்து அருமையான ஒரு முடிவை எடுத்தார். நாற்காலிக்காரர்களுக்குப் பஸ் தேவைப்படவில்லை. ஆகவே தாழ்தளப் பஸ்ஸும் வேண்டாம்.

ஜின்சி போன் செய்தாள்.

“சார், ஏற முடியாதுன்னு தெரிஞ்சுதான் நாங்க வீட்டுல இருக்கோம். பின்ன கேமராவில எப்பிடி விழுவோம்?”

“நீங்க சொல்லுகது ஃபீலிங், ஜின்சி. எனக்கு டேட்டா வேணும்.”

அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. மறுநாள் காலை, சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்த மீன் லாரி டிரைவராக இருந்த ஆன்ட்ரூஸையும் கூட்டிக்கொண்டு நிறுத்தத்துக்குப் போய், கேமராவுக்கு நேர் எதிரே இருந்தாள். பஸ் நிறுத்தத்துக்குப் போக ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது. அதற்கு டெல்வினிடம் கட்டம் இல்லை.

முதலில் வந்த பஸ்கள் தள்ளிப் போய் நின்றன. பிறகு வந்த ஒன்றிலிருந்து கண்டக்டர் ராஜமணி இறங்கினார். நல்ல மனிதர். ஆட்களைக் கூப்பிட்டு ஆன்ட்ரூஸைத் தூக்கி உள்ளே வைத்தார்.

“நீயும் வா மக்கா, பையப் பைய தூக்கி வெச்சிரலாம்.”

“தூக்க வேண்டாம் அண்ணே. நான் ஏறணும்.”

அவருக்குப் புரிந்தது. விசிலை ஊதிவிட்டுப் போனார்.

ஜின்சி தினமும் வந்தாள். வேடிக்கை பார்ப்பவர்களின் பார்வை முதுகில் ஊர்ந்தது. ஒரு பெண் இரக்கப்பட்டு அவள் மடியில் மட்டிப்பழம் வைத்துவிட்டுப் போனாள். பசியாக இருந்ததால் ஜின்சி கௌரவம் பார்க்கவில்லை.

புதிய அறிக்கை வந்தது. மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களைவிட நிறுத்தத்தில் அதிக நேரம் செலவிடுகிறார்களாம். நிறுத்தத்தின் மேல் அவர்களுக்குத் தனி ஈடுபாடாம். அந்த ஈடுபாட்டைக் கௌரவிக்க நிறுவனமே அங்கே நிழற்குடை கட்டியது. மின்விசிறி, செல்போன் சார்ஜர், எல்லாம் உண்டு. மழைநீர் ஏறக்கூடாது என்று தரையைப் படி வைத்து உயர்த்தியிருந்தார்கள். திறந்துவைக்க ஜின்சியை அழைத்தார்கள்.

ரிப்பன் மேலே இருந்தது, ஜின்சி கீழே. பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். டெல்வின் அவளைத் தூக்க ஆட்களுக்குச் சைகை காட்டினார். அவள் நாற்காலியைப் பின்னால் நகர்த்தி மைக்கை வாங்கினாள்.

“வந்தும் ஏற முடியாம திரும்பிப் போனவங்க எத்தன பேருன்னு ஒரு கட்டம் போடுங்க சார். அதுக்குப் பொறவு ரிப்பன் வெட்டுகேன்.”

யாரோ கைதட்டினார்கள். பத்திரிகைக் கேமராக்கள் டெல்வின் பக்கம் திரும்பின. ஆரம்பத்திலிருந்தே தன் எண்ணமும் அதுதான் என்று அவர் சொன்னார்.

கட்டம் வந்தது, நிரம்பியது. நாற்காலிக்காரர்கள் மட்டுமல்ல, கர்ப்பிணிகள், முழங்கால் வலிக்காரர்கள், தலையில் மீன்சருவம் சுமக்கும் பெண்கள் என எல்லோரும் அதற்குள் வந்தார்கள். டெல்வின் அதைக் கட்டுரையாக்கி வெளிநாட்டில் வாசித்து விருது வாங்கினார். கட்டத்துக்கு இப்போது அவர் பெயர்.

நாகர்கோவில் தடத்துக்கு ஒரே ஒரு தாழ்தளப் பஸ் வந்தது. முதல் நாள் ராஜமணி சரிவுப் பலகையை இழுத்துப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். ஜின்சி சக்கரங்களைத் தானே தள்ளி ஏறினாள். நாகர்கோவிலில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினாள். வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்போது நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அந்த ஒற்றைப் பஸ் பழுதாகிப் பட்டறைக்குப் போகும் நாள்களில் அவளுக்கும் விடுமுறை. அவளுக்கு விடுமுறை கொஞ்சம் அதிகம்தான்.