மேட்டில் காத்திருந்தவர்: சங்கரன்கோவில் பக்கம் ஒரு பழைய சைக்கிள் பந்தயம்

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சங்கரன்கோவிலுக்குப் போனேன். கோமதி அம்மனைப் பார்க்க அல்ல, பழைய சைக்கிள்களைப் பார்க்க. மதுரையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் விடுமுறை நாட்களில் பழைய சைக்கிள் ஓட்டுகிறவர்கள். எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு நோட்டீஸ் வந்தது. முப்பது வருடத்துக்கு மேற்பட்ட சைக்கிள்களுக்கு மட்டும் பந்தயம், இடம் மேலநீலிதநல்லூர் பக்கம். அன்று முகூர்த்த நாள், மற்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கல்யாணம். நான் மட்டும் கிளம்பினேன். போய்வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. எப்படிப் போவது, என்ன செலவாகும் என்று பலர் கேட்டும் எழுதாமல் இருந்தேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

மதுரையிலிருந்து காலை ஏழு மணிக்கு மேல் ஒரு செங்கோட்டை ரயில் இருக்கிறது. டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். ராஜபாளையம் தாண்டிய பிறகும் வலது பக்கம் மலை கூடவே வரும், அந்தப் பக்கமாக உட்காருங்கள். சங்கரன்கோவிலில் இறங்கும்போது ஒன்பதரை. ஸ்டேஷனுக்கு வெளியே இரண்டு உளுந்த வடை, ஒரு டீ, முப்பது ரூபாய். பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ். எனக்கு டிக்கெட் இல்லை. ஆண்கள் பதினைந்து ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரப் பயணம்.

பந்தயம் ஒன்பது மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். நான் போனபோது மணி பத்தேகால், தொடங்கவே இல்லை. சிறப்பு விருந்தினர் வரவில்லையாம். எனக்கு அது வசதியாகத்தான் போயிற்று. மைதானத்தில் அறுபது சைக்கிளுக்குக் குறையாமல் நின்றன. டைனமோ வைத்தவை, கம்பி பிரேக் போட்டவை, பால் கேன் மாட்டும் கொக்கி அப்படியே இருந்தவை. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். அப்படித்தான் பேச்சியம்மாளிடம் போய்ச் சேர்ந்தேன்.

"சைக்கிள மட்டும் போட்டோ எடுக்காதீங்க. எங்களையும் சேத்து எடுங்க" என்றார்.

ஐம்பது வயதிருக்கும். அரக்குப் பட்டுச் சேலை, தலையில் பிச்சிப்பூ. பக்கத்தில் அவர் கணவர் மாடசாமி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் கரிவலம்வந்தநல்லூர். விசைத்தறியில் வேலை. ஜோடி ரேஸுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். கணவன் மிதிக்க, மனைவி கேரியரில் உட்கார்ந்து வர வேண்டும். போக வர ஆறு கிலோமீட்டர். பட்டுச்சேலை, வேட்டியில்தான் வர வேண்டும் என்பது விழாக்குழுவின் விதி. பத்திரிகைக்குப் படம் நன்றாக வருமாம். முதல் பரிசு வெட் கிரைண்டர்.

"கிரைண்டர் எங்கிட்ட இருக்கு. எம்மவ எடுத்துக் குடுத்தது" என்றார் பேச்சியம்மாள். "இவருக்குத்தான் ஆசை. தெனமும் தறி செட்டுக்கு இதுலதான் போறோம், வாரோம். வழியில ஒரு ஏத்தம் உண்டு. அங்கன மட்டும் நான் குதிச்சிருவேன். இவரு மேட்டுல போய் நிப்பாரு, நான் நடந்து போய் ஏறிக்கிடுவேன். இன்னைக்கு எறங்குனா அவுட்டாம்."

மாடசாமி பின்சக்கரத்தின் மட்கார்டையும் செயின் கவரையும் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அதை எதுக்குக் கழட்டுதிய?" என்றார் பேச்சியம்மாள்.

"வெயிட்டு கொறையும். எல்லாரும் கழட்டிட்டாவ, பாரு."

உண்மைதான். வரிசையில் நின்ற ஏழு ஜோடி சைக்கிள்களிலும் சக்கரம் மொட்டையாகத்தான் இருந்தது.

விருந்தினர் பதினொன்றரைக்கு வந்தார். ஸ்லோ ரேஸ், தனி ரேஸ் எல்லாம் முடிந்து ஜோடிகளைக் கிளப்பும்போது உச்சி வெயில். தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. நான் முன்னதாகவே நடந்து, ஓடைப் பாலத்துக்குப் போகும் ஏற்றத்தில் ஒரு வேலிக்கருவை நிழலில் நின்றுகொண்டேன். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வெறும் காடு. படம் எடுக்க நல்ல இடம் என்று நினைத்தேன்.

மாடசாமி மூன்றாவதாக வந்தார். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தார். பேச்சியம்மாள் ஒரு கையால் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்து மற்றக் கையை அசைத்தார். காட்டுப் பக்கமிருந்து காற்று அடித்தது. முந்தானை இடுப்பிலிருந்து அவிழ்ந்து பின்னால் பறந்ததைப் பார்த்தேன். சக்கரம் அடுத்த சுற்றில் அதை இழுத்துக்கொண்டது. அவர் கத்தக்கூட இல்லை. பின்பக்கமாக, தலை கீழே போக விழுந்தார். சேலை கிழிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

சைக்கிள் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு மேலே போய்க்கொண்டே இருந்தது.

நான் ஓடினேன். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. காதிலிருந்து ரத்தம். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. பின்னால் வந்த இரண்டு ஜோடிகள் இறங்கி ஓடிவந்தார்கள். மற்றவர்கள் ஓரமாக ஒதுங்கி ஓட்டிப் போனார்கள். மைக்கில் வர்ணனை நிற்கவில்லை.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். பாலத்தின் மேட்டில் மாடசாமி ஒரு காலை ஊன்றி சைக்கிளை நிறுத்தி, திரும்பிப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார். எங்களைச் சுற்றிக் கூட்டம் நின்றதால் அவருக்கு எதுவும் தெரியவில்லை. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, மனைவி நடந்து வருவதற்காக நின்றார். மேட்டில் இருந்தவர்கள் அவரது காலி கேரியரைப் பார்த்துச் சிரித்தார்கள். யாரோ கையைத் தட்டிக் கூப்பிட்ட பிறகுதான் சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கி வந்தார். கூட்டம் விலகியது. அவர் பார்த்தார். ஸ்டாண்டைப் போட்டு நிறுத்திவிட்டு, அதன் பிறகு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"எறங்கிட்டான்னு நெனைச்சேன்" என்றார் என்னிடம். "ஏத்தம்லா. எறங்கிட்டான்னு நெனைச்சேன்."

ஆம்புலன்ஸ் எதையும் விழாக்குழு ஏற்பாடு செய்திருக்கவில்லை. போனில் அழைத்தோம், சங்கரன்கோவிலிலிருந்துதான் வர வேண்டும் என்றார்கள். தண்ணீர் கேன் ஏற்றி வந்த லோடு ஆட்டோ ஒன்று நின்றது. ஓட்டுநர் பெயர் சேவியர். கேன்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பள்ளத்தில் உருட்டிவிட்டார்.

"அது வாரதுக்குள்ள நான் கொண்டு சேத்துருவேன் யக்கா. தலையை மட்டும் ஆடாமப் பிடிச்சுக்கிடுங்க."

ஒரு பலகையை வைத்துத் தூக்கினோம். ரேஸுக்காகச் சாலையில் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். சேவியர் இறங்கி அதை அறுத்தார். மேலநீலிதநல்லூர் தாண்டியதிலிருந்து சங்கரன்கோவில் ஆஸ்பத்திரி வரை மாடசாமி மனைவியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் பார்த்துவிட்டு, தலைக்குள் ரத்தம் கசிகிறது, திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும் என்றார். அதற்கான வண்டிக்கு வராந்தாவில் காத்திருந்தோம். மாடசாமியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். திரையில் "செல்வி" என்று இருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகள்.

நான் பேசுவதற்குள் அந்தப் பக்கம் சிரிப்பு. "யப்பா, எங்கம்மாவ எங்கன போட்டுட்டு வந்திய? எங்க ஆஸ்டல் பூரா உங்க வீடியோதான் ஓடுது."

பாலத்து மேட்டில் காலி கேரியரோடு அவர் நின்றதை யாரோ எடுத்து, சினிமா காமெடி ஒன்றைப் பின்னால் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். மணி அப்போது இரண்டுகூட ஆகவில்லை. மகள் அதைத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, அப்பாவைக் கிண்டல் செய்யக் கூப்பிட்டிருக்கிறாள்.

நான் யார் என்று சொன்னேன். உங்கள் அம்மா விழுந்துவிட்டார், திருநெல்வேலிக்குக் கொண்டு போகிறோம், நீங்கள் நேராக அங்கே வந்துவிடுங்கள் என்றேன். மிக மெதுவாக, "அந்த வீடியோல அம்மா எங்கன இருக்காங்க?" என்று கேட்டாள். கீழே, என்றேன்.

விழாக்குழுவிலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். "சேலை கட்டிட்டு வாங்கன்னுதான் சொன்னோம். ஒழுங்கா சொருகிக்கிட வேண்டாமா" என்றார், யாரிடமும் அல்லாமல் பொதுவாக. சேவியர் அவரைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார்.

திருநெல்வேலி வண்டியில் மாடசாமியும், தகவல் கேட்டு ஓடிவந்த அவர் தம்பியும் ஏறினார்கள். எனக்கு இடமில்லை. ராஜபாளையம் போய் மதுரை பஸ் பிடித்தேன். ஜாக்கெட் கையெல்லாம் ரத்தம். கண்டக்டர் எதுவும் கேட்காமல் பின் சீட்டைக் காலி செய்து கொடுத்தார்.

பேச்சியம்மாள் மூன்றாம் நாள் காலையில் இறந்தார். சேவியர்தான் போன் செய்து சொன்னார்.

போன வாரம் கரிவலம்வந்தநல்லூர் போனேன். மைதானத்தில் இருவரையும் சைக்கிளோடு நான் எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. மாடசாமி தறிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார், நடந்து. மகள் ஒருமுறை வந்து காரியத்துக்கு இருந்துவிட்டுப் போனாளாம். போனில் பேசுகிறாள், ஆனால் ரெண்டு வார்த்தைதான் என்றார். "அவ என்மேல கோவப்படல. வீடியோவ அனுப்புனதுக்கு அவமேலயே கோவப்படுதா. நான் என்னன்னு சொல்லித் தேத்த?" படத்தை வாங்கிக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்தார். இருவரும் குடித்தோம்.

இந்தப் பந்தயத்துக்கு அடுத்த வருடம் போக நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பந்தயம் நடக்குமாம், ஜோடி ரேஸ் மட்டும் கிடையாதாம். பார்க்கப் போனால் குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், நிழல் கிடையாது. ரயில் நேரம் மாறிக்கொண்டே இருக்கும், முன்னாலேயே பாருங்கள். சாப்பாட்டுக்கு டவுனுக்குத்தான் வர வேண்டும். கலந்துகொள்ளப் போகிறீர்கள் என்றால், எந்தப் போட்டியாக இருந்தாலும், பெயர் கொடுக்கும் முன் ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். கையைக் காட்டி இதோ என்று சொல்லாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். பழைய சைக்கிளில் எதையும் கழற்றாதீர்கள். கேரியரில் உட்காருகிற பெண்கள் சுடிதார் போடுங்கள். படம் எப்படி வந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று மாடசாமி எழுதச் சொன்னது. பஸ் வரைக்கும் கூட வந்தார். நான் ஏறிய பிறகு ஜன்னல் பக்கம் வந்து, இதையெல்லாம் எழுதுவீங்களாமே, சேவியர் சொன்னாரு என்றார். ஆமாம் என்றேன்.

"அப்ப இதையும் எழுதுங்கம்மா. பின்னால ஆள வச்சு ஓட்டுதவன், வண்டி லேசாச்சுன்னா அங்கனயே நிக்கணும். மேட்டுக்குப் போகக் கூடாது."