வலிக்காத முழங்கால்

பந்து சிமெண்டில் மோதும் ஓசையைவிட, செல்வம் அண்ணனின் வலது முழங்கால் மடங்கும்போது எழுந்த 'டிக்' என்ற சின்னச் சத்தம்தான் இன்றும் என் காதில் கிடக்கிறது. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டப் போகும் அம்மா எழுவதற்கு முன்பே அந்தச் சத்தம் எங்கள் 'லயத்து' வரிசைவீட்டு வாசலைத் தாண்டிவிடும். அண்ணன் ஓடப் போகிறார் என்று பாயில் கிடந்தபடியே தெரிந்துகொள்வேன். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்ததேயில்லை.

எழுபதுகளின் கடைசியில், ஈப்போவில் ஒரு சீன முதலாளியின் கூடைப்பந்து அணியில் அவர் சம்பளத்துக்கு விளையாடினார். பந்து தட்டவா சம்பளம் என்று லயமே வாயைப் பிளந்தது. மாநில அணிக்குக் கூப்பிட்டால் காவடி எடுக்க வைப்பதாக அம்மா வேண்டியிருந்தாள், கூப்பிட்டும் விட்டார்கள். தைப்பூசத்துக்கு மறுவாரம் பயிற்சி முகாம். முழங்காலோ அதற்குள் வீங்கிப்போயிருந்தது. அடுத்த வருஷம் எடுக்கட்டுமே என்று அப்பா சொல்லிப் பார்த்தார்.

"சாமிக்குக் கடன் வைக்கக் கூடாது. வச்சா, அது தானா வந்து எடுத்துக்கும்" என்றாள் அம்மா.

"விரதம் சுத்தமா இருந்தா வலிக்காது" என்பார்கள் எங்கள் பெரியவர்கள். காவடி எடுத்தவன் வலிக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், என்ன தின்றான், எங்கே சுற்றினான் என்று ஊரே கிளறும், பெற்றவளையும் விடாது. அப்படிப்பட்ட ஊருக்கு நடுவில்தான், கொதிக்கும் தார்ச்சாலையில் அண்ணன் வெறுங்காலோடு காவடி சுமந்து ஆடிக்கொண்டு போனார். உறுமி மேளம் மூச்சு வாங்கிய ஒரு நொடியில், பக்கத்தில் நடந்த எனக்குச் சுள்ளி முறிவதுபோல ஒன்று கேட்டது. அவர் முகம் வெளுத்துவிட்டது. அம்மா நெருங்கி வியர்வையைத் துடைத்து, "வலிக்குதாய்யா?" என்றாள்.

"வலிக்கலம்மா."

சன்னிதிவரை நடந்தே போனார். முகாமுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் எம்பிக் குதித்து நான் பார்த்ததேயில்லை.

எண்பதுகளில் அதே முதலாளி அவரைப் பயிற்றுநராக வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பிள்ளையிடமும் அவர் முதலில் கேட்பது "வலிக்குதா?" என்பதுதான். நொண்டிக்கொண்டே இல்லையென்று சாதிப்பவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், ஆட்டமே கைவிட்டுப் போனாலும், வெளியேதான் உட்கார வேண்டும். "வலிய மறைக்கிறவன் எனக்கு வேணாம்லா" என்பார். கல்நெஞ்சக்காரர் என்று பெற்றோர்கள் திட்டுவார்கள். திட்டட்டும், எனக்குத் தெரியும்.

இன்று அந்தத் தோட்டம் வீட்டுமனையாகிவிட்டது. லயமும் இல்லை, பந்து போட்டுப் பழக அண்ணன் வளையம் மாட்டிய பால்மரமும் இல்லை. அம்மாவும் போன வருடம் போய்விட்டாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை வருடமும் வாய்விட்டுக் கேட்காததைக் கேட்டாள்: "அன்னிக்கு நெசமாவே வலிக்கலையாய்யா?"

மடங்காத காலை நீட்டி உட்கார்ந்திருந்த அண்ணன், அவள் காதருகே குனிந்தார்.

"வலிக்கலம்மா."