நாலு சுவர் அக்கா

ஜெராக்ஸ் கடை வருவதற்கு இருபது அடி முன்பே அக்கா எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார். லாரி வந்தாலும் சரி, தெருவில் மழைத் தண்ணீர் ஓடினாலும் சரி, அந்த இடத்தில் சாலையைக் கடந்தாக வேண்டும். தலை குனிந்திருக்கும், கைப்பை மார்போடு அணைந்திருக்கும். பிறகு நாலு தெரு நடந்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு கடையில் விண்ணப்பங்களை நகல் எடுத்துக்கொண்டு, அதே நாலு தெருவைத் திரும்ப நடந்து வருவார். அவர் அலுவலகத்தின் கீழ்த்தளத்திலேயே அந்தக் கடை இருக்கும்போது எதற்கு இந்த ஊர்வலம் என்று முதல் நாளே கேட்டேன். "அந்த மெஷின்ல மை சரியில்லீங்க" என்றார். நான் போய் ஒரு தாளை நகல் எடுத்துப் பார்த்தேன். மை நன்றாகவே இருந்தது.

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஓர் அறக்கட்டளையில் வீட்டுச் சரிபார்ப்பாளர். படிப்புக்கோ வைத்தியத்துக்கோ உதவி கேட்டு யாராவது விண்ணப்பம் போட்டால், அந்த வீட்டுக்குப் போய், அவர்கள் உண்மையிலேயே இல்லாதவர்கள்தானா என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. நீல நிற மேற்சட்டை, முதுகில் அறக்கட்டளையின் முத்திரை, கையில் ஒரு டேப்லெட். அவர் தெருமுனையில் திரும்பும்போதே சேதி வீடு வீடாகப் போய்விடும். "நாலு சுவர் அக்கா வராங்க!" வீட்டின் நாலு சுவரையும் படம் எடுப்பதால் அந்தப் பெயர். அவருக்கும் அது தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

அறக்கட்டளைகள் பெருகிவிட்டதைப் பற்றி எழுதி வா என்றுதான் ஆசிரியர் என்னை அந்த ஊருக்கு அனுப்பினார். பெருக்கம் என்றால் சாதாரணப் பெருக்கமில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான் இருந்ததாம். இப்போது நூற்றுப் பதினேழு. மூடிய மில்லின் பழைய அலுவலகத்தில் மட்டும் மாடிக்கு இரண்டு மூன்றாக ஒன்பது. மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவு ஒன்றினுடையது, பள்ளிக்கூடத்தின் கூரை இன்னொன்றினுடையது, ஆம்புலன்ஸ் மூன்றாவதினுடையது. இவற்றைச் சுற்றி விண்ணப்பம் எழுதித் தருகிறவர்கள், படம் எடுப்பவர்கள், மேடை போடுபவர்கள், கேடயம் செய்து விற்பவர்கள் என்று ஒரு கடைத்தெருவே பிழைக்கிறது. தலைவர்களையும் மேலாளர்களையும் பேட்டி எடுத்தேன். எல்லோரும் தாளைப் பார்த்துப் படித்த மாதிரியே பேசினார்கள். விஷயத்தை இரண்டே வரியில் சொன்னது அக்காதான்.

"மில்லு மூடினப்போ ஊரே காலியாயிடும்னாங்க. முதலாளி குடும்பம் அறக்கட்டளை ஆரம்பிச்சாங்க. மில்லுல வேலை பாத்தவங்கள்ல பாதிப் பேரு இப்ப அங்க மனு போடறோம், மீதிப் பேரு மனுவைப் பாக்கறோம். அவ்வளவுதாங்க."

அக்கா அந்த மில்லில் இருபத்திரண்டு வருடம் துணியில் பழுது பார்த்தவர். கீழே விளக்கு எரியும் கண்ணாடிப் பலகையின் மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை அறுந்த இடம், முடிச்சு விழுந்த இடம், எண்ணெய்க் கறை பட்ட இடம் கண்ணில் பட்டதும் சாக்பீஸால் ஒரு கோடு. கண்ணை விட விரலுக்குத்தான் முதலில் தெரியுமாம். அதுவும் விரல் நுனிக்கு அல்ல, விரலின் பின்பக்கத்துக்கு. நுனி காய்த்துப்போயிருக்கும், பின்பக்கம்தான் பொய் சொல்லாது என்பார். இன்றைக்கும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் சட்டைக் கையை அவருடைய விரலின் பின்பக்கம் தானாகப் போய்த் தடவிவிடும். என் சட்டையையும் தடவினார். "தையல் நல்லாயிருக்கு, துணி சுமார்" என்றார்.

வீடுகளிலும் அதே விரல்தான். அடுப்புத் திட்டைத் தடவுவார், கதவு நிலையைத் தடவுவார், ஜன்னல் விளிம்பைத் தடவுவார். மூன்று நாள் அவர் பின்னாலேயே அலைந்ததில் எனக்கும் கொஞ்சம் தொழில் பிடிபட்டது. ஃப்ரிட்ஜ் இல்லை என்பார்கள். தரையில் நாலு சக்கரத் தடம் இருக்கும். வண்டி இல்லை என்பார்கள். ஆணியில் சாவி தொங்கும். "யாரையும் தப்பு சொல்ல முடியாதுங்க. நம்ம ஃபாரம் அப்படி. இல்லாதவங்களா இருந்தா மட்டும் போதாது, இல்லாத மாதிரி தெரியவும் வேணும்" என்றார் ஒருமுறை, படி இறங்கிக்கொண்டே.

எந்த வீட்டிலும் உட்கார மாட்டார். நாற்காலியைத் துடைத்துப் போட்டாலும் நின்றுகொண்டேதான் எழுதுவார். தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, பையில் சொந்த பாட்டில். "அவங்க தண்ணிய வாங்கிக் குடிச்சிட்டு அவங்களைப் பத்தி எப்படிங்க எழுதறது?" யாரையும் தொடவும் மாட்டார். அழுகிறவர்களுக்கு முன்னால்கூட ஓர் எட்டு தள்ளித்தான் நிற்பார். விண்ணப்பதாரரைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுக்கும்போது மட்டும் தவறாமல் ஒன்று சொல்வார். "சிரிக்காதீங்க. சிரிச்சா வசதின்னு நினைச்சுக்குவாங்க."

மூன்றாம் நாள், நாலு தெரு நடையில், நான் கேட்காமலே ஜெராக்ஸ் கடை விஷயம் வந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால், நர்ஸ் படிப்புக்கு உதவி கேட்டு ஒரு பெண்ணின் விண்ணப்பம். அம்மா மட்டும்தான், விடுதி ஒன்றில் சமையல் வேலை. வீட்டில் ஒன்றுமே இல்லை. ஆனால் சுவரில், புகையும் தூசும் படிந்த சுண்ணாம்பின் நடுவே, ஒரு நீள்சதுரம் மட்டும் வெளுப்பாக இருந்தது. நாலு மூலையிலும் திருகாணி ஓட்டை. அக்கா உள்ளதை உள்ளபடி எழுதினார்: 'டிவி இருந்த அடையாளம் காணப்படுகிறது. மறைக்கப்பட்டிருக்கலாம்.' விண்ணப்பம் தள்ளுபடியானது. அந்த மாதக் கூட்டத்தில் மேலாளர் அவரை மேடைக்கு அழைத்துப் பாராட்டினார், எல்லோரும் கை தட்டினார்கள், கேடயம் கொடுத்தார்கள். அன்றைக்கு வந்ததுதான் நாலு சுவரையும் படம் எடுக்க வேண்டும் என்ற விதி. அதே கட்டடத்தில் இருக்கும் மற்ற எட்டு அறக்கட்டளைகளும் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

"கேடயத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வச்சேங்க. ஒரு வாரம் நல்லா இருந்துச்சு" என்றார். "அப்புறம் ஒரு நாள் கீழ்க் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். அந்தப் பொண்ணு மெஷின் பக்கத்துல நிக்குது. என்னைப் பாத்துச்சு. 'வாங்கக்கா, எத்தனை காப்பி?'ன்னு கேட்டுச்சு. எடுத்து, ஓரமெல்லாம் தட்டி நேராக்கி, கையில கொடுத்துச்சு."

"ஒண்ணும் சொல்லலையா?"

"திட்டியிருந்தா நான் அந்தக் கடைக்கே போயிட்டிருப்பேங்க" என்றார், நடந்துகொண்டே. "நான் பொய் எழுதல. அதாங்க பிரச்சினை. பொய் எழுதியிருந்தா திருத்திக் கொடுத்திருக்கலாம்."

நான்காம் நாள் போன வீடு மூன்றாவது மாடி. ஒரே அறை, ஒட்டினாற்போல் சமையலுக்கு ஒரு மூலை. இரும்புக் கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். இடது கையில், டயாலிசிஸ் ஊசி போட்ட இடத்தில் கட்டு. முந்தின நாள்தான் செய்துகொண்டு வந்திருந்தார். கட்டிலடியில் சட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. அவர் மனைவி ஒரு கம்பெனிக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறார். வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ். இதுவரை உதவிய வேறோர் அறக்கட்டளையின் உதவி அந்த மாதத்தோடு முடிகிறது. அக்காவின் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டால் அடுத்த மாதமும் ஊசி ஏறும். இல்லாவிட்டால் ஏறாது.

கட்டிலில் இருந்தவர் அக்காவை அடையாளம் கண்டுகொண்டார். "ஏழாம் நம்பர் தறி நான். என் துணி உங்க விளக்குப் பலகைக்கு வராத நாளே கிடையாதே! அப்ப துணியில பழுது பாத்தீங்க, இப்ப வீட்டுல பாக்க வந்திருக்கீங்க. பாருங்க, பாருங்க" என்று சிரித்தார். குத்தல் இல்லாத சிரிப்புதான். அக்கா சிரிக்கவில்லை. டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏழாம் தறியில பழுது கம்மி" என்றார்.

அப்போதுதான் நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். மூன்று நாள் பாடம் கேட்ட மாணவன் இல்லையா? கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் அதைப் பார்த்துவிட்டேன். வெளுப்பான நீள்சதுரம், நாலு திருகாணி ஓட்டை. கண்டுபிடித்த பெருமை தாங்காமல், "இங்க டிவி இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாவின் கையில் ஊசி நின்றது. முகத்தில் ஈயாடவில்லை. கணவர் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு கட்டிலோரச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. எழுதிப் பிழைக்கிறவன் நான். அடுத்தவர் வீட்டுச் சுவரைப் பார்த்து வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டு, இரவு ரயிலேறி ஊர் திரும்பப் போகிறவன். இவ்வளவு வெட்கமாக நான் எந்த வீட்டிலும் நின்றதில்லை.

"பக்கத்து வீட்டுல இருக்குங்க" என்றார் அந்த அம்மா, குனிந்த தலை நிமிராமல். "நான்தான் நேத்து கழட்டிக் கொண்டுபோய் வச்சேன். இவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. மில்லு மூடினன்னிக்கு எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு கொடுத்தாங்களே, அந்த டிவிதாங்க. நாள் பூரா படுத்தே கிடக்காரு, பொழுது போகணும்ல."

எப்படியாவது என் தவறைச் சரிக்கட்டிவிடலாம் என்ற நப்பாசையில் அக்காவிடம், "மில்லே கொடுத்ததுன்னு எழுதிடலாமேக்கா" என்றேன்.

"யார் கொடுத்ததுன்னு ஃபாரத்துல கேள்வி இல்லீங்க. இருக்கா, இல்லையா, அவ்வளவுதான் கேட்கும்." பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி, "எங்க வீட்லயும் அதே டிவிதான் ஓடுது" என்றார்.

சுவரருகே போனார். விரலின் பின்பக்கத்தால் அந்த வெளுப்பை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாகத் தடவினார். திரும்பி வந்து டேப்லெட்டில் ஓர் இடத்தைத் தொட்டார். நான் எட்டிப் பார்த்தேன். டிவி என்ற வார்த்தைக்கு எதிரே 'இல்லை' என்று விழுந்திருந்தது.

ஆனால் நாலு சுவர் இருக்கிறதே. நாலு படமும் ஏறாமல் விண்ணப்பம் நகராது. ஏறிய படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கென்றே அலுவலகத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே அக்காதான். மூன்று சுவரை எடுத்து முடித்தார். நாலாவதுக்கு வந்ததும் டேப்லெட் தாழ்ந்தது. "பீரோவை இந்தப் பக்கம் தள்ளிடட்டுங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். தள்ளிப் பார்த்தோம். கட்டில் இடித்தது. கட்டிலில் இருந்தவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"நீங்க அங்க போய் நில்லுங்கம்மா" என்றார் அக்கா. அந்த அம்மா வெளுப்புக்கு முன்னால் போய் நின்றார். ஒல்லியான உடம்பு. இரண்டு பக்கமும் வெள்ளை தெரிந்தது.

அக்கா டேப்லெட்டை என் கையில் திணித்தார். "நீங்க எடுங்க." நீல மேற்சட்டையைக் கழற்றிக் கட்டிலின் மேல் போட்டார். நடந்துபோய் அந்த அம்மாவின் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க நின்றுகொண்டார். அந்த அம்மா மிரண்டுபோய் ஒதுங்கப் பார்த்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியுதா?"

"ரெண்டு தலைக்கும் நடுவுல நாலு விரல் அகலம் வெள்ளை தெரியுதுக்கா" என்றேன். 

அக்கா தலையைச் சாய்த்து, அந்த அம்மாவின் தலையோடு தன் தலையை ஒட்டவைத்துக்கொண்டார்.

"இப்ப?"