மாம்பூவில் இறங்கிய பனியும் அம்மாவின் அச்சமும்

எங்கள் அம்மா மறைந்து இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர் பலர் அவரைத் தைரியசாலி என்பார்கள். மகளாகிய நான் அவர் பயந்ததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பசுவந்தனையில் பிறந்த அம்மா, திருமணம் ஆகும்வரை தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார். அங்கே தீக்குச்சி மருந்து தீப்பிடித்ததைக் கண்ணெதிரே கண்டவர். அன்றிலிருந்து தீ என்றாலே நடுக்கம். எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, அப்பா காலமானபின் கிணற்றடிப் புஞ்சையில் மாங்கன்றுகள் வைத்தார். கரிசலில் மா நிற்காது என்றார்கள். குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தார்.

முதன்முதலாக மரங்கள் நிறையப் பூத்த ஆண்டு, மாசி பிறந்தும் பனி விடவில்லை. நனைந்த பூங்கொத்துகள் வெயில் ஏறியதும் கருகி உதிர்ந்தன. புகைமூட்டம் போட்டால் மிஞ்சும் என்றார் பக்கத்துப் புஞ்சைக்காரர். இரண்டு நாள் தயங்கிய அம்மா, மூன்றாம் நாள் விடியலில் காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைக் குவித்து, ஈரத்தழை போட்டுப் பற்றவைத்தார்.

காற்று திரும்பியது. தீ காய்ந்த புல்லில் இறங்கி, அடுத்த புஞ்சையை நோக்கி ஓடியது. அங்கே ஆட்டுக்கிடை போட்டிருந்த, நாங்கள் அண்ணாச்சி என்றழைக்கும் ஆட்டுக்காரர், குட்டிகளை ஓலைக்கூட்டில் அடைத்திருந்தார். பனியில் கூடு தெரியவில்லை. குட்டிகள் கத்துவது மட்டும் கேட்டது. நான் குடத்தோடு மரத்துப் பக்கம் ஓடினேன்.

“ஏட்டி, மரத்த விடு. குட்டியத் தூக்கு,” என்றபடி அம்மா புகைக்குள் புகுந்தார்.

பற்றிய ஓலையைக் கையாலேயே பிய்த்தார். குட்டிகள் எல்லாம் தப்பின. அம்மாவின் கைகள் வெந்துபோயின.

“பயப்படாதீய தாயி, ஒரு குட்டிக்கும் ஒண்ணும் ஆவல,” என்றார் அண்ணாச்சி.

“உள்ள ஒரு பிள்ள படுத்திருந்தா நான் என்ன செய்வேன் அண்ணாச்சி?”

பல நாள் அம்மா இதையே கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வாண்டு ஒரு காயும் நிற்கவில்லை. பிறகு எத்தனை பனி இறங்கினாலும் அவர் மூட்டம் போடவில்லை. விடியலில் பூவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவருவார்.

சென்ற மாசியில் ஒரு விடியற்காலை அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. பனியில் வண்டிப்பாதை மறைந்திருந்தது. அண்ணாச்சி கையில் டார்ச்சுடன், அம்மாவை ஏற்றிய காருக்கு முன்னால் நடந்தார். அம்மா என் கையை இறுகப் பிடித்தார்.

“அண்ணாச்சி முன்னால போறாவ. மோதிராம, பாத்து ஓட்டச் சொல்லு.”

அதன்பின் அவர் பேசவில்லை. அன்று மாலை மருத்துவமனையில் உயிர் பிரிந்தது.

உடனிருந்த செவிலியருக்கும், தோள்கொடுத்த ஊராருக்கும், தொலைவிலிருந்து வந்து எங்களோடு அமர்ந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அண்ணாச்சிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் போன வாரம் புஞ்சைக்குப் போனேன். கிடை வெகுதூரம் தள்ளிப் போயிருந்தது. காரணம் கேட்டேன்.

“மரம் பூத்திருக்கு தாயி. ஆடு உரசுனா பூ கொட்டிருமேன்னு ஒங்கம்மா பயப்படுவாவ,” என்றார்.